தாத்தாவின் படம் எங்கே?

ஒரு காட்சியை மனத்தில் கொண்டுவாருங்கள். நெல்லிக்குப்பத்தில் ஒரு தெரு. சர்க்கரை ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் விடியற்காலையில் காலமாகிவிட்டார். வாசலில் பந்தல் போடுகிறார்கள். உறவினர்களுக்குச் செய்தி போய்விட்டது. கடலூரிலுள்ள அச்சகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்கிறார்: "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இன்னிக்கே வேணும்னா ஒன்பது மணிக்குள்ள ஒரு நல்ல படம் அனுப்பிடுங்க."

வீட்டில் ஐந்து கைப்பேசிகள் இருக்கின்றன. பெரியப்பாவின் கைப்பேசியில் மட்டும் 11,000 படங்கள். "போன வருஷம் திருவந்திபுரம் கல்யாணத்துல, வெள்ளைச் சட்டையோட அப்பா சிரிச்சுக்கிட்டு இருந்தாரே, அந்தப் படம் எங்க?" என்று அத்தை அழுதுகொண்டே கேட்கிறார். எல்லாருக்கும் அந்தப் படம் நினைவிருக்கிறது. ஒருவர் கையிலும் அகப்படவில்லை. விரல்கள் திரையைத் தள்ளித் தள்ளிச் சலிக்கின்றன. காலை வணக்கப் பூக்கள், மளிகைக் கடைப் பட்டியல், யாரோ அனுப்பிய கேலிச் சித்திரம், மறுபடியும் பூக்கள்! மணி ஒன்பது ஆகிவிட்டது. கடைசியில் ஆதார் அட்டையிலுள்ள மங்கலான முகத்தை வெட்டி அனுப்புகிறார்கள். சுவரொட்டியில் தாத்தா சிரிக்கவில்லை.

இது கற்பனைதான். ஆனால் உங்கள் தெருவில் நடக்கவே நடக்காத ஒன்று என்று உங்களால் சொல்ல முடியுமா?

இங்கே படம் அழிந்துவிடவில்லை. ஏதோ ஒரு கைப்பேசியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. தேவைப்பட்ட நேரத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இருந்தும் கிடைக்காத பொருளுக்கும் இல்லாத பொருளுக்கும் அந்த நேரத்தில் என்ன வேறுபாடு?

நம் வீட்டுப் படங்கள் வேண்டும்போது கிடைக்குமா, வேண்டியவருக்குப் போய்ச் சேருமா என்பதை முன்கூட்டியே சோதித்து அறிய ஒரு வழி உண்டு. அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. சில அட்டைகள், ஒரு பேனா, ஒரு கடிகாரம் போதும். அந்தச் சோதனையை எப்படி அமைப்பது என்பதைப் பார்ப்போம்.

முப்பத்தாறு எங்கே, பதினோராயிரம் எங்கே!

உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். படச்சுருள் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். பொங்கலுக்குப் போட்ட சுருள் தீபாவளி வரை ஓடிய வீடுகள் உண்டு. கழுவி அச்சிட்ட படங்களை ஆல்பத்தில் ஒட்டுவார்கள். ஆண்டுக்கு ஒரு ஆல்பம் என்றால்கூட, தேட வேண்டியது பத்துப் பதினைந்து ஆல்பங்களைத்தான்.

1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஸ்டீவன் சாசன், படச்சுருள் இல்லாத காமிரா ஒன்றை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு படத்தில் இருந்தவை 100 வரிசை, வரிசைக்கு 100 புள்ளி, ஆக 10,000 புள்ளிகள். ஒரே ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் பிடித்தன. ஒரு நாடாவில் 30 படங்கள் அடங்கும் என்று அவர் கணக்கு வைத்தார். படச்சுருளில் 24 அல்லது 36 என்று பழகியவர்களுக்கு அந்த எண் இயல்பாகத் தோன்றும் என்பது அவர் எண்ணம்.

இன்று அந்த எல்லை தகர்ந்துவிட்டது. படம் எடுக்கச் செலவில்லை. வைத்துக்கொள்ள இடமும் இருக்கிறது. ஆனால் தேடுகின்ற கண்கள் பழைய கண்களே! ஒரு சிறு கணக்குப் போடுவோம். கைப்பேசித் திரையில் ஒரே நேரத்தில் 20 சிறு படங்கள் தெரிகின்றன என்று கொள்வோம். பெரியப்பாவின் 11,000 படங்களைப் பார்த்து முடிக்க 550 முறை திரையைத் தள்ள வேண்டும். ஒரு திரைக்கு இரண்டு விநாடி என்றால் 1,100 விநாடிகள். அதாவது 18 நிமிடங்களுக்கு மேல். அதுவும் இடையில் கண் ஏமாறாமல் இருந்தால்தான். ஐந்து கைப்பேசிகளுக்கும் சேர்த்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

"எல்லாம் போன்ல இருக்கு!"

பெரியப்பாவிடம் நேற்றுப் போய், "உங்கள் படங்களை உங்களால் தேடி எடுக்க முடியுமா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "அதுக்கென்ன, எல்லாம் போன்ல இருக்கு" என்றிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறார்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஸ்டீவ் விட்டேக்கர், ஓஃபர் பெர்க்மன், பால் கிளஃப் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர்களிடம், ஓராண்டுக்கு முன் நிகழ்ந்த முக்கியமான குடும்ப நிகழ்ச்சிகளின் படங்களைத் தேடித் தரும்படி கேட்டார்கள். எடுத்தவர்கள் அவர்களே, சேமித்தவர்களும் அவர்களே. எனினும் கேட்ட படங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு கிடைக்கவில்லை! ஆய்வாளர்கள் கூறிய காரணங்களைப் பாருங்கள்: படங்கள் அளவுக்கு மேல் இருந்தன, பெயரளவுக்குத்தான் அடுக்கப்பட்டிருந்தன, ஒரே குடும்பத்தின் படங்கள் பல கருவிகளில் சிதறிக் கிடந்தன, அவற்றை யாரும் பராமரிக்கவில்லை. இவற்றோடு, 'தேடினால் கிடைத்துவிடும்' என்ற தவறான நம்பிக்கையையும் ஒரு காரணமாக அவர்கள் குறித்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்கும் முதல் பாடம்: ஒருவரிடம் "முடியுமா?" என்று கேட்டால் கருத்துத்தான் கிடைக்கும். "செய்து காட்டுங்கள்" என்று ஒரு பணியைக் கொடுத்தால்தான் உண்மை கிடைக்கும். அந்தப் பணியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது.

கருவி எழுதுவது ஒன்று, மனம் வைத்திருப்பது வேறு

நீங்கள் படம் எடுக்கும்போது, கைப்பேசி படத்தை மட்டும் சேமிப்பதில்லை. அதனுடன் ஒரு குறிப்பையும் எழுதி வைக்கிறது. தேதி, மணி, நிமிடம், காமிராவின் வகை, வெளிச்சத்துக்காகத் துவாரம் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பன போன்ற விவரங்கள் அதில் இருக்கும். இடங்காட்டி இயங்கிக்கொண்டிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். இந்தக் குறிப்புக்கு 'எக்ஸிஃப்' என்று பெயர். 1995-இல் ஜப்பானில் இதற்கு விதிமுறை வகுக்கப்பட்டது. ஆகவே 'எப்போது' என்ற கேள்விக்கு விடையைக் கருவி தானே எழுதிவிடுகிறது. படங்களைத் தேதி வரிசையில் அடுக்குவதும் இதனால்தான்.

மனித மனம் எப்படி வேலை செய்கிறது? நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் வில்லம் வாகனார் ஒரு விந்தையான சோதனை செய்தார். ஆறு ஆண்டுகள் தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றை நாள்தோறும் எழுதி வைத்தார். ஏறத்தாழ 2,400 நிகழ்ச்சிகள்! ஒவ்வொன்றுக்கும் என்ன, யார், எங்கே, எப்போது என்று நான்கு விவரங்கள். பின்பு ஒரு விவரத்தை மட்டும் பார்த்து, மற்றவற்றை நினைவுகூர முயன்றார். 1986-இல் முடிவை வெளியிட்டார். 'என்ன நடந்தது' என்ற குறிப்பு மிகவும் உதவியது. யார், எங்கே என்பனவும் உதவின. 'எப்போது' என்பது மட்டும் தனியாக நின்றபோது ஏறக்குறையப் பயனற்றுப் போயிற்று!

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கருவிக்கு நன்றாகத் தெரிந்தது 'எப்போது'. மனத்துக்கு மிகக் குறைவாகத் தெரிந்ததும் 'எப்போது'தான்! அத்தை என்ன சொன்னார்? கல்யாணம், திருவந்திபுரம், அப்பா, வெள்ளைச் சட்டை, சிரிப்பு. எல்லாம் 'என்ன, எங்கே, யார்' என்பவை. தேதியைப் பற்றி அவர் சொன்னது 'போன வருஷம்' என்ற இரண்டே சொற்கள். அந்தக் கல்யாணம் நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால்? எல்லாரும் தவறான ஆண்டுக்குள் அல்லவா தேடியிருப்பார்கள்!

இன்னொரு சிக்கலும் உண்டு. வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பும்போது, படம் சுருக்கப்படுவதோடு எக்ஸிஃப் குறிப்பும் நீங்கிவிடுகிறது. பெற்றவரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கோப்பின் பெயரோடு சேர்வது அது வந்த தேதியே. எடுத்த தேதி அன்று. 1994-இல் எடுத்த கல்யாணப் படத்தைச் சித்தப்பா 2023-இல் அனுப்பினால், அது 2023-இன் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்து ஊரில் ஒரு முன்மாதிரி

கடலூரைக் கடந்து வடக்கே போனால் புதுச்சேரி. அங்கே 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தென்னிந்தியக் கோவில்கள், சிற்பங்கள் ஆகியவற்றின் புகைப்படங்கள் அங்கு ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்துள்ளன. இவ்வளவு படங்களில் வேண்டிய ஒன்றை எப்படி எடுக்கிறார்கள்? எந்த ஊர், எந்தக் கோவில், எந்தத் தெய்வம் என்று ஒவ்வொரு படத்துக்கும் மனிதர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது 'எங்கே', 'என்ன' என்பவற்றுக்கு விடை எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே லட்சம் படங்களில் ஒன்று கிடைக்கிறது; பெரியப்பாவின் பதினோராயிரத்தில் ஒன்று கிடைப்பதில்லை.

அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களையும் மின்வடிவில் சேமிக்கும் பணியைச் செய்திருக்கிறார்கள். அத்தகைய பழைய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒட்டிய அட்டையில் ஸ்டூடியோவின் பெயர் அழகாக அச்சாகியிருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் பெயர் பெரும்பாலும் இராது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த முகம்தானே என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். தெரிந்தவர்கள் போன பிறகு அது யாருக்கும் தெரியாத முகமாகிவிடுகிறது.

பணியை எழுதும் முறை

இனி நம் சோதனைக்கு வருவோம். ஓர் அட்டையில் ஒரு பணி வீதம் எழுத வேண்டும். எழுதும் முறையைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறேன்.

முதலில், பணி தேடுபவரின் வாழ்விலிருந்து வர வேண்டும். 'ஒரு பூனைப் படத்தைத் தேடுங்கள்' என்று அத்தையிடம் கொடுத்தால் அவருக்கு அதில் அக்கறை இராது. அக்கறையில்லாத தேடலில் உண்மை வெளிப்படாது. முந்தின நாள் அவரிடம் பேச்சுக் கொடுங்கள். "ஓராண்டுக்கு முன்னால் நம் வீட்டில் நடந்த முக்கியமான நிகழ்ச்சிகள் என்னென்ன அத்தை?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காது குத்து, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் போனது, பெருநாளன்று பக்கத்து வீட்டில் பிரியாணி சாப்பிட்டது, வெள்ளத்தில் தெரு மூழ்கியது என்று பட்டியல் வளரும். அதிலிருந்து பணியைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, தேவையைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். இந்த இரண்டு அட்டைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அட்டை அ: 'ஆல்பம் என்ற பொத்தானை அழுத்தி, மே மாதத்துக்குப் போய், கல்யாணப் படத்தைத் திறக்கவும்.'

அட்டை ஆ: 'கல்யாணத்துக்கு வர முடியாத மாமா, தாத்தா சிரித்த முகமாக இருக்கும் படம் ஒன்று கேட்கிறார். எடுத்துக் கொடுங்கள்.'

'அ' அட்டையில் எல்லா வழியையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவர் பொத்தானை அழுத்துகிறாரா என்பதுதான் தெரியும். 'ஆ' அட்டையில்தான் அவர் எங்கே தொடங்குகிறார், எங்கே தயங்குகிறார், எங்கே வழி தவறுகிறார் என்பவை தெரியும்.

மூன்றாவது, விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். கோப்புறைக்குப் 'பிச்சாவரம்' என்று பெயர் இருக்கும்போது, அட்டையிலும் 'பிச்சாவரம்' என்று எழுதினால் அது தேடல் ஆகாது. எழுத்துக்கு எழுத்துப் பொருத்தும் விளையாட்டு. 'சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போனோமே, அப்போது தம்பி பயந்து அழுத படம்' என்று எழுதுங்கள். மனிதர்கள் அப்படித்தான் நினைவுகூர்கிறார்கள். ஆண்டும் மாதமும் அட்டையில் வேண்டா.

நான்காவது, முடிவு இன்னதென்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படம் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாத படத்தை ஒருவரைத் தேட விடுவது கொடுமை. எந்தப் படத்தை எடுத்தால் பணி முடிந்தது என்று கொள்வது, எத்தனை நிமிடத்தில் நிறுத்திவிடுவது என்பவற்றைக் குறித்து வையுங்கள். ஐந்து நிமிடம் போதுமானது.

கடைசியாக, பணிகள் ஒரே வகையாக இருக்கக் கூடாது. படம் தேடுவதில் மூன்று வகைகள் உண்டு. குறிப்பிட்ட ஒரே படத்தைத் தேடுவது ஒன்று: தம்பி அழுத படம். ஒரு நிகழ்ச்சியின் படங்கள் எல்லாவற்றையும் தேடுவது இன்னொன்று: காது குத்துப் படங்கள் அனைத்தும். வெவ்வேறு நாள்களில் எடுத்து, ஒரு பொதுத் தன்மையால் சேர்பவற்றைத் தேடுவது மூன்றாவது: பாட்டியும் பேத்தியும் சேர்ந்திருக்கும் படங்கள், ஆண்டுக்கு ஒன்று வீதம் ஐந்து. மூன்றாவது வகைதான் கடினம். ஏனெனில் அந்தப் படங்கள் தேதி வரிசையில் ஒன்றாக இரா.

2003-இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே நினைவுகொள்ளலாம். கெரி ராடன், கென்னத் வுட் ஆகிய இருவர் 13 பேருக்கு 'ஷூபாக்ஸ்' என்ற படச் சேமிப்புச் செயலியைக் கொடுத்து ஆறு மாதங்கள் கவனித்தார்கள். பேச்சுக் குறிப்பைக் கொண்டு தேடுவது, உருவ ஒற்றுமையைக் கொண்டு தேடுவது என்று அதில் உயர்ந்த வசதிகள் பல இருந்தன. ஆனால் மக்கள் அவற்றை அதிகம் தொடவில்லை. கால வரிசை, சிறு படங்கள், கோப்புறைகள் ஆகிய எளிய வசதிகளே அவர்களுக்குப் பயன்பட்டன. வசதி இருக்கிறது என்பதும் அது பயன்படுகிறது என்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைக் காட்டுவது உண்மையான பயன்பாடுதான்.

முகம் அறியும் கணிப்பொறி

"இப்போதுதான் கைப்பேசியே முகத்தைப் பார்த்துப் பிரித்துவிடுகிறதே, இந்தச் சோதனை எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி.

கணிப்பொறி ஒரு முகத்தை எண்களின் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. 2015-இல் கூகிள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஃபேஸ்நெட்' என்ற முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். ஒரே ஆளின் இரண்டு படங்களில் இந்த எண்கள் நெருங்கி இருக்கும். வேறு வேறு ஆள்களுக்கு விலகி இருக்கும். நெருங்கியவற்றை ஒரு குவியலாகச் சேர்த்துவிடுகிறது. இது பெரிய உதவிதான்.

ஆனால் அந்தக் குவியலுக்குப் பெயர் தெரியாது. 'இவர் நம் பெரிய தாத்தா' என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். மங்கிய கறுப்பு வெள்ளைப் படம், பக்கவாட்டில் திரும்பிய முகம், குழந்தையாக இருந்து பெரியவராக வளர்ந்த முகம், இரட்டையர் என்று வந்தால் அது தடுமாறவும் கூடும். ஆகவே ஓர் அட்டையை அதற்கென்றே எழுதுங்கள்: 'அப்பா ஆறேழு வயதில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம்.' கருவி எவ்வளவு தூரம் கூட வருகிறது, எங்கே கைவிடுகிறது என்று அது காட்டிவிடும்.

பகிர்வதிலும் சோதனை உண்டு

படம் கிடைத்ததோடு வேலை முடிந்ததா? இல்லை. அது உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். 'படத்தை அனுப்புங்கள்' என்பது அரைகுறைப் பணி. யாருக்கு, எதற்காக, யாருக்குப் போகக் கூடாது என்பவையும் அதில் அடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக: 'அக்கா மருத்துவமனையில் குழந்தையோடு இருக்கும் படத்தைச் சிதம்பரத்துச் சித்திக்கு மட்டும் அனுப்புங்கள். குடும்பக் குழுவுக்குப் போகக் கூடாது.' குழுவின் பெயரும் சித்தியின் பெயரும் திரையில் அடுத்தடுத்து இருந்தால் விரல் எங்கே போகிறது என்று கவனியுங்கள். (சோதனைக்கு உண்மையான மருத்துவமனைப் படத்தைப் பயன்படுத்த வேண்டா, ஒரு பூச்செடிப் படம் போதும்.)

தெளிவு குறையாமல் இருக்கட்டும் என்று சிலர் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புகிறார்கள். அப்போது எக்ஸிஃப் குறிப்பும் உடன் செல்லும். வீட்டின் இருப்பிடம் அதில் இருந்தால் அதுவும் செல்லும். உறவினருக்கு என்றால் கவலையில்லை. முன்பின் தெரியாதவருக்கு என்றால் யோசிக்க வேண்டும்.

பகிர்தலுக்கு இன்னொரு பாதியும் உண்டு. ஒரு வாரம் கழித்துச் சித்தியிடம், "நான் அனுப்பின படத்தை எடுத்துக் காட்டுங்க சித்தி" என்று கேளுங்கள். அவருக்குக் கிடைத்தால்தான் அந்தப் பணி முடிந்தது என்று எழுதுங்கள்.

ஐந்து பேர் போதுமா?

எத்தனை பேரைச் சோதிப்பது? ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகியோர் 1993-இல் இதற்கு ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில், ஒருவரைச் சோதித்தால் குறைகளில் சராசரியாக 31 விழுக்காடு வெளிப்பட்டது. அதாவது 69 விழுக்காடு மறைந்தே இருக்கும். இரண்டாமவருக்குப் பின் மறைந்திருப்பது 0.69 × 0.69. ஐந்து பேருக்குப் பின் 0.69-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். ஏறத்தாழ 0.16 வரும். ஆக, 84 விழுக்காடு குறைகள் வெளிப்பட்டுவிடுகின்றன! எல்லாச் செயலிக்கும் எல்லாப் பணிக்கும் இந்த 31 பொருந்தாது. ஆனால் வீட்டளவில் தொடங்க ஐந்து பேர் நல்ல எண்ணிக்கையே. அவர்களில் ஒருவர் கண் மங்கியவராகவும், ஒருவர் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கட்டும். கைப்பேசியில் கெட்டிக்காரனான உங்கள் அண்ணனை மட்டும் சோதித்துவிட்டு, எல்லாம் நன்று என்று முடிவு கட்டாதீர்கள்.

சோதனையின்போது அவர்களை வாய்விட்டுப் பேசிக்கொண்டே தேடச் சொல்லுங்கள். "இங்க இருக்குமோ... இல்லையே, இது போன தீபாவளி" என்று வரும் பேச்சை அப்படியே எழுதுங்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-இல் கணிப்பொறிச் சோதனைகளுக்கு இந்த முறையை எடுத்துக்காட்டினார். ஒவ்வோர் அட்டைக்கும் ஆன நேரம், கிடைத்ததா இல்லையா, முதலில் எங்கே தேடினார், எந்த இடத்தில் நின்றார் என்று நான்கு கட்டங்களில் நிரப்புங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இது பாட்டிக்கு வைக்கும் தேர்வு அன்று. தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "பாட்டி, உங்களுக்குத் தெரியுதான்னு பார்க்கல. இந்த போன்ல படம் வச்சிருக்கிற விதம் சரியான்னுதான் பார்க்கிறேன்." நடுவில் கையை நீட்டி உதவாதீர்கள், சிரிக்காதீர்கள். அவர் போதும் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். பிறருடைய படங்களைப் பார்க்க நேரும். அனுமதி பெற்றே பாருங்கள், பார்த்ததை வெளியில் பேசாதீர்கள்.

சோதனைக்குப் பிறகு

கட்டங்களை நிரப்பியபின் எங்கே ஓட்டை என்று உங்களுக்கே தெரியும். எல்லாரும் தேதியில் தடுமாறினால், ஆண்டுக்கு ஒரு கோப்புறை மட்டும் போதாது. நிகழ்ச்சியின் பெயரில் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தவற்றுக்குள் புதைந்திருந்தால், வேண்டியவற்றை அன்றைக்கே பிரித்து வைக்க வேண்டும். பல கைப்பேசிகளில் சிதறியிருந்தால், ஒரே இடத்தில் சேர்த்து, இன்னொரு பிரதியும் வேறிடத்தில் வைக்க வேண்டும். 2004-இல் ஆழிப்பேரலையும், 2011-இல் தானே புயலும், 2015-இல் பெருவெள்ளமும் கண்ட கடலூர் மாவட்டத்தாருக்கு, ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பதினோராயிரம் படங்களையும் அடுக்க வேண்டுமா? வேண்டா, யாராலும் முடியாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஐந்து நல்ல படங்களைத் தேர்ந்தெடுங்கள். யார், எங்கே, என்ன நிகழ்ச்சி என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புதிய அட்டைகளோடு மறுபடி சோதியுங்கள். பழைய அட்டைகளையே கொடுத்தால், படம் இருந்த இடம் அவர்களுக்கு நினைவிருக்கும். அடுக்கிய முறை திருந்தியதா என்பது தெரியாது.

பழைய படங்களில் இருப்பவர்களின் பெயர்கள் எந்தக் கைப்பேசியிலும் இல்லை. பாட்டியின் நினைவில்தான் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு படத்தைக் காட்டி, "இது யாரு பாட்டி?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். தாத்தா சிரிக்கும் படம் ஒன்று நடுவில் வந்தால், அதையும் தனியே எடுத்து, பெயர் எழுதி வையுங்கள்.